குனிந்து சாப்பிடுங்கள், மகாராஜா!

1910 செப்டம்பர். மெக்சிகோ சிட்டி முழுக்க மின்விளக்குத் தோரணம். ஸ்பெயினை எதிர்த்து முதல் குரல் எழும்பி 100 வருஷம் ஆகிறது. ஜனாதிபதி போர்ஃபிரியோ தியாஸுக்கும் அதே செப்டம்பரில்தான் 80 வயது. தேசத்துக்கு நூற்றாண்டு, தலைவருக்குச் சதாபிஷேக வயசு. ரெண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தால் விசுவாசிகள் சும்மா இருப்பார்களா? ஊர்வலம், சிலை திறப்பு, வெளிநாட்டுப் பிரமுகர்கள், கூடவே விருந்து. ஒரு விருந்தா, ரெண்டு விருந்தா, சுமார் இருபது விருந்து.

அந்த இருபதிலும் ஒரே ஒரு மெக்சிகோ பதார்த்தம்கூட இலையில் விழவில்லை. சத்தியமாக. சமையலில் பெரும்பகுதி சில்வேன் தோமோன் என்ற பிரெஞ்சுக்காரரின் கைவண்ணம். ஷாம்பேனும் பிரான்ஸ் சரக்கு. தேசபக்தி மட்டும் லோக்கல்.

தியாஸ் ஒன்றும் பிறவிக் கோடீஸ்வரர் இல்லை. வஹாக்கா மாநிலத்துப் பிள்ளை, அம்மா வழியில் மிஸ்டெக் பழங்குடி ரத்தம். சின்ன வயதில் அவர் தட்டில் விழுந்தது டோர்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பதவி வந்ததும் சிலருக்கு முதலில் மறந்துபோவது அம்மா சமையல்தான்.

அடுத்த இரண்டே மாதத்தில் புரட்சி வெடித்தது. 1911 மே மாதம் தலைவர் ராஜினாமா செய்துவிட்டுக் கப்பல் ஏறினார். எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? பாரிஸ். 1915-ல் அங்கேயே காலமாகி, மோன்பார்னாஸ் கல்லறையில் இன்றுவரை இருக்கிறார். பிரெஞ்சு சாப்பாட்டின் மேல் வைத்த ஆசைக்கு இவ்வளவு தூரம் விலை கொடுத்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

தியாஸ் மாதிரிச் சீமான்கள் எதைப் பார்த்து இப்படி ஓடினார்கள்? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மக்காச்சோள ரொட்டி. அதன் மேல் கொத்திய கறி, ஒரு சிட்டிகை வெங்காயம், கொத்தமல்லி, ஒரு கரண்டி சால்சா, ஒரு பிழி எலுமிச்சை. மடி, கடி, முடிந்தது. இதுதான் டாக்கோ. இதற்கு ஒரு தள்ளுவண்டியோ, நாலு பேர் நிற்கிற இடமோ கிடைத்துவிட்டால் அது டாக்கேரியா.

டாக்கோ சாப்பிடுவதற்கு ஓர் ஆசனம் உண்டு. கால் ரெண்டும் ஓரடி பின்னால், இடுப்பு அதற்கும் பின்னால், முழங்கை வெளியே, தலை முன்னால் சாய்ந்து, வாய் டாக்கோவைத் தேடிப் போகவேண்டும். நிமிர்ந்து நின்று கெத்தாகச் சாப்பிட்டால் சாறு சட்டையில். மந்திரியானாலும் டாக்ஸி டிரைவரானாலும் இதே ஆசனம்தான். மெக்சிகோ வரலாற்றில் பெரிய மனிதர்களுக்கும் டாக்கோவுக்கும் ஆகாமல் போனது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. அவர்களுக்குக் குனிய வராது.

தியாஸ் காலத்து மேதை ஒருவர் இருந்தார், பிரான்சிஸ்கோ புல்னெஸ். செனட்டர், பேச்சாளர், சகல விஷயங்களிலும் கருத்து உள்ளவர். (இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, இப்போது டிவி விவாதங்களுக்கு வருகிறார்கள்.) 1899-ல் ஒரு புத்தகம் எழுதி மனிதகுலத்தையே மூன்றாக வகுந்தார்: கோதுமை சாப்பிடுகிறவர்கள், அரிசி சாப்பிடுகிறவர்கள், மக்காச்சோளம் சாப்பிடுகிறவர்கள். இதில் உருப்படப்போவது கோதுமைக் கூட்டம் மட்டும்தானாம். மெக்சிகோ பின்தங்கியதற்குக் காரணம் நிலத்தைச் சுருட்டிய பண்ணையார்கள் இல்லை, டோர்ட்டியா!

சிரித்துவிட்டு நகரலாம் என்று பார்த்தால் முடியவில்லை. அரிசி அணியில் நிற்பது நாம்தான். பார்த்தே இராத நம்மையும் போகிற போக்கில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். பொங்கல் வைத்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் மன்னித்து விடுங்கள்.

மக்காச்சோளத்தை அவமானப்படுத்திய முதல் ஆள் புல்னெஸும் இல்லை. அந்தக் கதை மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் மொக்தெசூமா சக்கரவர்த்தியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடலாம். ஆஸ்டெக் பேரரசர். அவருக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 300-க்கும் மேற்பட்ட தட்டுகள் என்று எழுதிவைத்திருக்கிறார் பெர்னால் தியாஸ் என்ற ஸ்பானிய சிப்பாய். ஆறாமல் இருக்கத் தட்டுக்கு அடியில் கனல். வெள்ளைத் துணி போர்த்திய டோர்ட்டியா. சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று முன்னால் தங்க வேலைப்பாடு செய்த மரத்தடுப்பு வேறு.

சக்கரவர்த்தி எதற்காக மறைந்து சாப்பிட்டார்? மரியாதை, சம்பிரதாயம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். சால்சா வழிந்ததை ஜனங்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக என்று நான் சொல்வேன். தடுப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எழுதிவைத்த ஆள் இல்லாததால், ரெண்டு பேரும் சம தகுதியில் இருக்கிறோம்.

1521-ல் தலைநகரம் தெனோச்டிட்லான் விழுந்தது. வெற்றியைக் கொண்டாடக் கோர்த்தேஸ் கொயோஅகானில் ஒரு விருந்து வைத்தார். கப்பலில் ஒயின் வந்திருந்தது, கியூபாவிலிருந்து பன்றிகள் வந்திருந்தன. கோதுமை ரொட்டிக்கு எங்கே போவது? கையில் இருந்தது ஊர்க்காரர்களின் டோர்ட்டியா. பன்றிக்கறியும் டோர்ட்டியாவும் முதன்முதலில் சந்தித்த சுபமுகூர்த்தம் இதுதான் என்று டாக்கோ ரசிகர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். மடித்துத்தான் சாப்பிட்டார்களா என்பதற்குச் சாட்சி இல்லை. குடித்தார்கள் என்பதற்கு இருக்கிறது.

சாட்சி சொல்வது நம்ம சிப்பாய் பெர்னால் தியாஸ்தான். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட உட்கார இடம் இல்லையாம். பந்தியில் இடம் கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் பல வருஷம் கழித்து எழுதும்போதும் ஆறவில்லை. போதையில் மேஜை மேலேயே நடந்தார்கள், வாசலைக் கண்டுபிடித்து வெளியே போகத் தெரியவில்லை, இந்த விருந்தை வைக்காமலே இருந்திருக்கலாம் என்று புலம்புகிறார். பாதிரியார் ஒல்மெதோ கடுப்பாகி முணுமுணுக்க, மறுபடி பூசை, ஊர்வலம், பாவமன்னிப்பு. ஒரு பேரரசைக் கவிழ்த்தவர்களுக்கு ஒரு பந்தியை ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை.

சரி, விருந்து முடிந்தது. மக்காச்சோளத்தை ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். விதையை எடுத்தார்கள், கதிரை எடுத்தார்கள். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை: செய்முறை.

மெக்சிகோவின் பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, அதற்கப்புறம்தான் அம்மிக்கு வரும். இந்தப் பக்குவம் அந்தப் பக்கத்தில் 3,000 வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. சுண்ணாம்பு பட்டால்தான் மக்காச்சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கிற நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் ஒட்டும். வைட்டமின் என்ற பெயரே பிறக்காத காலத்தில் இதைக் கண்டுபிடித்த அந்தப் பாட்டிகளுக்குச் சிலை எதுவும் கிடையாது. குதிரை மேல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் சிலை.

ஐரோப்பியப் பெருமக்களுக்கோ, ஜெயித்தவர்கள் தோற்றவர்கள் வீட்டு அடுப்படியில் போய்ச் செய்முறை கேட்பதா என்ற மிதப்பு. வெறும் மக்காச்சோள மாவையே கிண்டிச் சாப்பிட்ட ஸ்பெயினின், இத்தாலியின் ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்க ஆரம்பித்தது. காஸ்பர் காசல் என்ற ஸ்பானிய மருத்துவர் 1735-லேயே இந்த நோயைக் குறித்துவைத்தார். பெலாக்ரா. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்றது. கிருமிதான் காரணம் என்று பெரிய டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள்.

ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் மட்டும் இல்லை என்றார். இது சாப்பாட்டுக் கோளாறு, ஒட்டுநோய் இல்லை. யாரும் நம்பவில்லை. 1916-ல் அவர் செய்ததைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். நோயாளிகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார். தோல் செதிலையும் மலத்தையும் மாத்திரையாக உருட்டி விழுங்கினார். சில சகாக்களும் கூட்டு. மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. அப்போதும் எதிர்க்கட்சி டாக்டர்கள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் நிஜமாகவே குமட்டுகிற பகுதி.

இத்தனைக்கும் பதில் ஒரு மெக்சிகோ கிராமத்து அம்மாவிடம் இருந்தது. தினமும் மணிக்கணக்கில் அம்மிக்கு முன்னால் முழங்காலிட்டு அரைத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவேண்டுமென்றால் அம்மிக்குப் பக்கத்தில் குனியவேண்டும்.

இப்போது தெருமுனைக்கு வருவோம். ராத்திரி பதினொரு மணி. நிமிர்த்தி வைத்த கம்பியில் சிவப்பு மசாலா தடவிய பன்றிக்கறி பம்பரம் மாதிரி அடுக்கி, நெருப்புக்கு முன்னால் சுற்றுகிறது. உச்சியில் ஓர் அன்னாசித் துண்டு கிரீடம். மாஸ்டர் கத்தியை ஒரு வீசு வீசுகிறார், கறி டோர்ட்டியாவில். இன்னொரு வீசு, அன்னாசித் துண்டு பறந்துவந்து கறி மேல். தட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கும். சாப்பிட்டதும் பையை உருவிப் போட்டால் கழுவுகிற வேலை மிச்சம். பல கடைகளில் எத்தனை சாப்பிட்டோம் என்று கடைசியில் நாமே சொல்லிக் காசு கொடுக்கலாம். மெக்சிகோவில் கணக்கு சரியாக இருக்கிற ஒரே இலாகா இதுதான் என்று கேலி செய்தால் அந்த ஊர்க்காரர்களே கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

'அசல் மெக்சிகோ டாக்கோ' என்று போர்டு மாட்டிய கடைகள் உலகமெங்கும் இந்த அல் பாஸ்தோர் டாக்கோவைத்தான் முதலில் நீட்டும். அசலா? கொஞ்சம் ஆதார் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். கறியைச் செங்குத்தாகக் குத்திச் சுற்றுகிற வித்தை லெபனானிலிருந்து வந்தது. ஒட்டோமான் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கப்பலேறி வந்த அரபுக் குடும்பங்கள் 1930-களில் புவெப்லா நகரத்தில் இந்த வேலையை ஆரம்பித்தன. நம்ம ஊர் ஷவர்மாவுக்குப் பெரியப்பா மகன் என்று வையுங்கள். ஆட்டுக்கறி போய்ப் பன்றிக்கறி வந்தது, பன்றி ஸ்பெயின் கொண்டுவந்தது. வெங்காயம், கொத்தமல்லி ரெண்டும் கடல் தாண்டி வந்தவை. எலுமிச்சை ஆசியா. அன்னாசி தென்னமெரிக்கா. சுத்த சுயம்பு என்று மிஞ்சுவது மக்காச்சோளமும் மிளகாயும்தான்.

அந்த மிளகாயும் போர்ச்சுகீசியக் கப்பலேறி நம்மிடம் வந்து, ஆந்திராக்காரர்கள் அது தங்கள் குலதெய்வம் என்று சண்டைக்கு வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆக, அசல் என்று யாராவது மேஜையைத் தட்டினால், மெதுவாக எலுமிச்சையை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

மூலமே கடன் வாங்கியதுதான் என்றாலும், கண்டுபிடித்தது நான்தான் என்ற சண்டைக்குக் குறைச்சல் இல்லை. மெக்சிகோ சிட்டியில் எல் டிசோன்சிதோ என்ற கடை 1966-ல் ஆரம்பித்தது. பாஸ்தோர் டாக்கோவின் பிதாமகன் தாங்களே என்கிறார்கள். எல் உவெகீத்தோ கடைக்காரர்கள், நாங்கள் 1959 முதல் இருக்கிறோமே என்கிறார்கள். வழக்கைத் தீர்க்க ஒரே வழி ரெண்டு கடையிலும் சாப்பிடுவதுதான். ஜனங்கள் பல வருஷமாகத் தீர்ப்பை ஒத்திவைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி, அமெரிக்கா. கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்று ஓர் ஊர். மெக்டொனால்டு சகோதரர்கள் கடை போட்ட அதே ஊர். அங்கே கிளென் பெல் என்ற இளைஞர் ஹாட் டாக், ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் மிட்லா கஃபே. மெக்சிகோ குடும்பம் 1937-ல் திறந்த கடை. அங்கே பொரித்த டாக்கோவுக்கு வரிசை நின்றது. பெல்லும் போய்ச் சாப்பிட்டார். மறுபடி சாப்பிட்டார். ராத்திரி தன் கடைக்குத் திரும்பி அதே மாதிரி செய்து பார்த்தார். எதிர்க்கடைக்காரன் தினமும் வந்து இவ்வளவு ஆர்வமாகச் சாப்பிட்டால், ரசிகன் என்று நினைப்பீர்களா, ஆபத்து என்று நினைப்பீர்களா? மிட்லாக்காரர்கள் கடைசியில் சமையல்கட்டுக்கே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தார்களாம்.

1950-களின் தொடக்கத்தில் பெல் தன் டாக்கோவை 19 சென்டுக்கு விற்க ஆரம்பித்தார். முதலில் வாங்கியவர் கோட்டு சூட்டு போட்ட கனவான், கடித்ததும் சாறு கை வழியாக ஓடி டையில் சொட்டியது என்று பெல்லின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நிமிர்ந்து நின்றிருப்பார், வேறென்ன! போச்சு, சண்டைக்கு வரப்போகிறார் என்று பெல் பதறினார். வந்தவர் இன்னொன்று கேட்டார். 1962-ல் டாக்கோ பெல் கம்பெனி பிறந்தது. மிட்லா கஃபே இன்னும் அதே ஊரில் இருக்கிறது, ஒரே கடையாக.

பெல்லின் ஆட்கள் அதோடு விட்டார்களா? 1992-ல் மெக்சிகோ சிட்டிக்கே போய் டாக்கோ விற்றார்கள். திருநெல்வேலிக்கே அல்வா! ரெண்டு வருஷம் தாங்கவில்லை. 2007-ல் மொன்டெர்ரே நகரத்தில் மறுபடி கடை. இந்தத் தடவை ரொம்ப அடக்கம்: மொறுமொறு டாக்கோவை டாக்கோ என்று சொல்லாமல் 'டாக்கோஸ்டாடா' என்று பெயர் மாற்றி, பக்கத்தில் பிரெஞ்சு ஃப்ரைஸும் வைத்தார்கள். ஆர்க்டிக்குக்கு ஐஸ் கொண்டுபோகிற மாதிரி இருக்கிறது என்றார் எழுத்தாளர் கார்லோஸ் மொன்சிவாய்ஸ். 2010-ல் ஷட்டர் இறங்கியது.

தரையில் தோற்றவர்கள் ஆகாயத்தில் ஏற்கெனவே முயற்சி செய்திருந்தார்கள். 2001 மார்ச்சில் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையம் கடலில் விழப்போகிறது என்று தெரிந்ததும், டாக்கோ பெல் பசிபிக் கடலில் 40 அடிக்கு 40 அடி ஒரு இலக்குப் பலகையை மிதக்கவிட்டது. மீரின் மையப்பகுதி அதன் மேல் விழுந்தால் அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்கோ இலவசம். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இன்ஷூரன்ஸும் எடுத்தார்கள். மீர் வேறெங்கோ விழுந்தது. கம்யூனிஸ்ட்டுகள் கட்டிய சாமான், கம்பெனி விளம்பரத்துக்கு ஒத்துழைக்கவில்லை.

அடுத்து செவ்வாய்க்கிழமைக்கு வந்தார்கள். கிரகம் இல்லை, கிழமை. 'டாக்கோ டியூஸ்டே' என்ற சொல்லுக்கு டாக்கோ ஜான்ஸ் என்ற இன்னொரு கம்பெனி 1989-லேயே டிரேட்மார்க் வாங்கி வைத்திருந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸும் 2019-ல் விண்ணப்பித்துப் பார்த்தார். எல்லோரும் சொல்கிற சொல், தரமுடியாது என்று அனுப்பிவிட்டார்கள். 2023-ல் டாக்கோ பெல் வழக்குத் தொடுக்க, ஜான்ஸ் கைவிட்டது. இனி அமெரிக்கர்கள் செவ்வாய்க்கிழமை சுதந்திரமாக டாக்கோ சாப்பிடலாம். மெக்சிகோவில் இத்தனை நாளும் யார் அனுமதியில் சாப்பிட்டார்களோ தெரியவில்லை.

2024 மே மாதம் டாக்கோவுக்கு ராஜயோகம். டயர் அதிகம் தேயவேண்டும் என்ற உயர்ந்த லட்சியத்தோடு 1900-ல் டயர் கம்பெனி ஆரம்பித்த மிஷலின் வழிகாட்டி, மெக்சிகோ சிட்டியின் எல் கலிஃபா தே லெயோன் என்ற கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. பத்தடிக்குப் பத்தடி இடம், நின்றபடி சாப்பாடு, மெனுவில் மொத்தம் நாலு டாக்கோ. தியாஸ் இருந்திருந்தால் குழம்பிப் போயிருப்பார்: நட்சத்திரம் கொடுத்தது பிரெஞ்சுக்காரர்கள்!

கம்பெனிப் பிரதிநிதிகள் சலவை கலையாத முழுக்கை வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து சமையல் மாஸ்டருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு முன்னால் இருக்கிற கல்லின் சூடு 360 டிகிரி செல்சியஸ். மாஸ்டர் கோட்டை மாட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சூட்டில் கோட்டு போட, பாவம், அவர் என்ன ஜனாதிபதியா?

அதே மே மாதம், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு நீதிபதி டாக்கோவின் ஜாதகத்தையே மாற்றி எழுதினார். ஃபோர்ட் வேய்ன் நகரத்து வணிக வளாகம் ஒன்றில் சாண்ட்விச் கடை மட்டும்தான் வரலாம் என்று ஒப்பந்தம். டாக்கோ கடை வைக்க ஒருவர் வந்தார், கூடாது என்று அக்கம்பக்கத்துச் சங்கம் எதிர்த்தது. நீதிபதி யோசித்து, டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ பாணிச் சாண்ட்விச்தான் என்று தீர்ப்பளித்தார். தாராளப் பிரபு, இந்திய நான் ரோலுக்கும் அங்கே இடம் உண்டு என்று எழுதிவிட்டுப் போனார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். 2006-ல் மாசசூசெட்ஸ் நீதிபதி ஒருவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்: சாண்ட்விச் என்றால் ரெண்டு ரொட்டி வேண்டும், புரிட்டோ, டாக்கோவில் ஒரே டோர்ட்டியா, எனவே சாண்ட்விச் இல்லை. தெருவோரக் கடையில் சாறு தாங்குவதற்காக டாக்கோவுக்கு ரெண்டு டோர்ட்டியா வைப்பார்கள் என்பது அந்த நீதிபதி காதுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ஆக, டாக்கோ ஒரு மாநிலத்தில் சாண்ட்விச், இன்னொரு மாநிலத்தில் இல்லை. மேல்முறையீட்டை எந்த மெக்சிகோ டாக்கேரியாவுக்காவது கொண்டுபோய்ப் பாருங்கள். மாஸ்டர் கறியைச் சீவிக்கொண்டே முழு வழக்கையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, வெங்காயம் கொத்தமல்லி எல்லாம் போடலாமா என்பார்.